'ஸ்டார்ட்' என்றாலே 'தொடங்கு' தானா?

கோப்புக்காரன்:
ஒரு திறமூலச் செயலியின் பிஓ கோப்பில் (ஆங்கிலச் சொல்லுக்கு நேரே தமிழை எழுதும் மொழிபெயர்ப்புக் கோப்பு) 'ஸ்டார்ட்' ஒரே பதிவு. அது நாலு இடத்தில் வருகிறது: டைமர் பொத்தான், நிகழ்வின் நேரம், சர்வர் மெனு, பத்திச் சீரமைப்பு. எல்லாவற்றுக்கும் 'தொடங்கு' போதும். ஒரே சொல் என்றால் பயனருக்குப் பழகிவிடும்.

சொல்லாடி:
'தொடங்கு: காலை 10 மணி' என்று படிவத்தில் வந்தால் யாரை ஏவுகிறீர்கள்? அங்கே 'தொடக்கம்' வேண்டும். ஆங்கிலத்தில் பெயருக்கும் வினைக்கும் ஒரே வடிவம், நமக்கு அப்படியில்லை. சீரமைப்பில் அது வரி ஆரம்பிக்கும் பக்கம். தமிழுக்கு இடது, அரபிக்கு வலது. ஆகவே 'இடது' என்று போட்டாலும் தப்பு.

கோப்புக்காரன்:
சரி, ஒரே பதிவில் இரண்டு சொல்லை எப்படி வைப்பீர்கள்?

சொல்லாடி:
நம்மால் முடியாது, நிரலாளர்தான் மூலநிரலில் ஒவ்வொன்றுக்கும் சூழல் குறிப்பு சேர்க்க வேண்டும். சூழல் வேறானால், பிஓ கோப்புகளைக் கையாளும் கெட்டெக்ஸ்ட் கருவி தனிப் பதிவாகப் பிரித்துவிடும். வழு (பிழைப் புகார்) பதியும்போது, பதிவின் மேலே '#:' என்று ஆரம்பிக்கும் வரியிலுள்ள கோப்புப் பெயரையும் வரி எண்ணையும் கொடுங்கள். பிரித்தபின் பழைய மொழிபெயர்ப்பு 'ஃபஸ்ஸி' (சரிபார்க்க வேண்டியது) குறியோடு வந்து உட்காரலாம். மொழிபெயர்ப்பைச் சரிபார்த்து அந்தக் குறியை நீக்காவிட்டால் தொகுக்கும்போது விடுபட்டு, திரையில் ஆங்கிலமே தெரியும்.

யாப்பன்:
'தொடங்கு' தன்வினை. பொத்தானுக்குத் 'துவக்கு' தான் சரி.

சொல்லாடி:
குறள் 491 'தொடங்கற்க எவ்வினையும்' என்கிறதே ஐயா. வினையைத்தானே தொடங்குகிறார்கள்? ஆனால் சர்வருக்கு 'இயக்கு' தான் என் கட்சி. மோட்டாரைப் போடு, வண்டியைக் கிளப்பு என்போம். மோட்டாரைத் தொடங்கு என்று யார் சொல்கிறார்கள்?

கோப்புக்காரன்:
அங்கேதான் சிக்கல். அதே மெனுவில் 'ரன்' ஏற்கெனவே 'இயக்கு'. கீழே 'ரீஸ்டார்ட்' வேறு 'மறுதொடங்கு' என்று நிற்கிறது. மேலே 'இயக்கு', கீழே 'மறுதொடங்கு' என்றால் இரண்டுக்கும் உறவே தெரியாது.

சொல்லாடி:
அது நியாயம். சர்வருக்குத் 'தொடங்கு' இருக்கட்டும். படிவத்திலும் சீரமைப்பிலும் விடமாட்டேன்.

யாப்பன்:
உதவிப் பக்கங்களை எந்திர மொழிபெயர்ப்பில் போடுகிறவர்களும் கவனிக்க. திடுக்கிட்டு விழித்தான் என்பதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். துள்ளுதல்தான் அதன் பழைய பொருள், ஆரம்பம் பின்னால் வந்தது. 'தொடக்கத்துடன் விழித்தான்' என்று வந்தால் அப்படியே விட்டுவிடாதீர்கள்.

கோப்புக்காரன்:
நேரம், சீரமைப்பு இரண்டுக்கும் வழு பதிகிறேன். டைமரும் சர்வரும் 'தொடங்கு' ஆகவே இருக்கும்.