காட்பாடியில் கொல்டி, சித்தூரில் அரவம்

காட்பாடியிலிருந்து:

எங்கள் வீட்டில் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். எந்தச் சொல் எந்த மொழி என்றே சின்ன வயதில் எனக்குத் தெரியாது. ஆறாம் வகுப்பில் ஒருநாள் மதியம் டப்பாவைத் திறந்து "இன்னைக்கு பப்பு" என்றேன். பருப்புக்குத் தெலுங்கில் பப்பு. "டேய், இவ கொல்டிடா" என்று ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். தெலுங்கு பேசுகிறவர்களைக் கேலியாகச் சொல்லும் அந்தச் சொல்லுக்கு அப்போது அர்த்தம் புரியவில்லை, அவமானம் மட்டும் புரிந்தது. அதற்கப்புறம் தோழிகளை வீட்டுக்குக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டேன். அவர்கள் எதிரில் அவ்வா, அதாவது என் பாட்டி, தெலுங்கில் பேசிவிடுவாரோ என்று பயம். அவ்வாவை மறைத்ததை நினைத்தால் இன்றைக்கும் வலிக்கிறது.

பத்தாவது முடித்த விடுமுறையில் சித்தூரில் ஒரு கல்யாணம். அங்கே எல்லோரும் நம்மைப் போலத்தான் என்று ஆசையாகப் போனேன். பந்தியில் சோறு வைத்தவரிடம் "போதும் போதும்" என்றேன். "சாலு" என்று வந்திருக்க வேண்டும். எதிர் வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா "அரவ பில்லா" என்று சிரித்தார். தமிழை அங்கே அரவம் என்பார்கள்; பில்லா என்றால் பெண். பாசமாகத்தான் சொன்னார், ஆனாலும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று ராத்திரி அவ்வா மடியில் படுத்து அழுதேன். "எங்க தாத்தா காலத்துல சித்தூரும் நம்ம ஜில்லாதான்" என்றார். பிறகு படித்துப் பார்த்தால், வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகரே சித்தூராகத்தான் இருந்திருக்கிறது. 1911-ல்தான் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். 1953-ல் அது ஆந்திராவோடு போனது. 1960-ல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. இத்தனைக்கும் எங்கள் வீடு அதே தெருவில்தான் இருந்தது.

இப்போது என் மகளுக்கு டப்பா கட்டும்போது "பப்பு வச்சிருக்கேன்" என்றே சொல்லி அனுப்புகிறேன்.

ஆம்பூரிலிருந்து:

எனக்கு வேறு மாதிரி, அக்கா. பிறந்த ஊர் மேல்விசாரம். எங்கள் வீட்டில் தமிழ்தான். மருமகளாக வந்த ஆம்பூர் வீட்டில் முழுக்க உருது. "பாயம்மாவுக்கு உருது தெரியாதா?" என்று காய்கறிக்காரர்கூட ஆச்சரியப்பட்டார். என் தொழுகையில் ஏதோ குறை கண்டுபிடித்த மாதிரி இருந்தது எனக்கு. மாமியார்தான் அடுப்படியில் பக்கத்தில் உட்கார்ந்து நமக், மிர்ச்சி, ஹல்தி என்று ஒவ்வொரு டப்பாவாகத் தொட்டுச் சொல்லித் தந்தார். நான் உப்பு, மிளகாய், மஞ்சள் என்று திருப்பிச் சொல்வேன். இப்போது என் பையன் தாதிமாவிடம், அதாவது என் மாமியாரிடம், உருதுவில் சண்டை போட்டுவிட்டு, என்னிடம் வந்து தமிழில் புகார் சொல்கிறான்.