கொழிஞ்சாம்பாறை (பாலக்காடு, கேரளா) குடும்பக் குழு: பனிக்கரடியா, தட்டானா?

தீபா (மாலை 5.10): களத்துமேட்டு வீடியோ பாருங்கள். நூறு தட்டானாவது இருக்கும்!

சுமதி அத்தை: தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை. நான் சித்தூர் பஸ்ஸில் இருக்கிறேன். களத்தில் கொப்பரை காய்கிறது, யாராவது எடுத்து வையுங்கள்.

கவின்: பேச்சுப் போட்டிக்கு 'கடல் தாண்டும் உயிர்' தலைப்பு. பனிக்கரடி என்று பெயர் கொடுத்துவிட்டேன்.

பெரியப்பா: ஏன் கண்ணு, தலைக்கு மேலே பறக்கிறதை விட்டுவிட்டு வடதுருவத்துக்குப் போகிறாய்?

கவின்: 2008இல் அலாஸ்காவுக்கு வடக்கே பியூஃபோர்ட் கடலில் ஒரு பெண் கரடி 9 நாள் ஓயாமல் நீந்தியது பெரியப்பா. 687 கிலோமீட்டர்! கழுத்துப் பட்டையில் இருந்த ஜிபிஎஸ் காட்டியது.

பெரியப்பா: சரி. இந்த மஞ்சள் தட்டான் ஐப்பசிக் காற்றில் ஏறி மாலத்தீவு போய், அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்கே போகிறது. மாலத்தீவில் முட்டையிடக் குட்டைகூட அநேகமாகக் கிடையாது. பிறகு வருடா வருடம் அக்டோபரில் இத்தனை தட்டான் எங்கிருந்து வருகிறது? அங்கே வசித்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் இதையே துருவி, இந்தியாவிலிருந்துதான் என்று 2009இல் எழுதினார். எடை என்ன தெரியுமா? 0.3 கிராம்!

தீபா: 450 கிலோ ஆண் கரடிக்கு ஈடாக 15 லட்சம் தட்டான். கணக்குப் போட்டுவிட்டேன் 😄

கவின்: மலையாளம் டீச்சர் இதைத் துலாத்தும்பி என்பார். ஓணத்தும்பி வேறு, அதற்கு இறக்கையில் கறுப்பும் மஞ்சளும் இருக்கும்.

சுமதி அத்தை: துலாம் நம் ஐப்பசிதானே. கொப்பரையை எடுத்தாச்சா?

தீபா: போன தட்டானேவா திரும்பி வருகிறது பெரியப்பா?

பெரியப்பா: இல்லை. போனது போனதுதான். மழை பெய்த இடத்தில் முட்டையிட்டு அதோடு முடிந்துவிடும். பிள்ளையோ பேரனோ தென்மேற்குக் காற்றில் இந்தப் பக்கம் வரும் என்கிறார்கள்.

கவின்: அப்போது அது ரிலே ஓட்டம்! என் கரடி தனி ஆள்.

கவின்: ஆனால் அது ஆசைப்பட்டு நீந்தவில்லை. சீல் பிடிக்கப் பனிப்பாளம் வேண்டும், அது உருகி விலகிப்போய்விட்டது. கரடியின் எடையில் 22 சதவீதம் குறைந்தது. கூட இருந்த குட்டியும் பிழைக்கவில்லை. அதைச் சாதனை என்று மேடையில் சொல்ல வாய் வரவில்லை.

பெரியப்பா: இதை அப்படியே பேசு கண்ணு. தட்டான் பிறகு இருக்கட்டும். அதற்கு ஒன்றிரண்டு மாதம் மழைத்தண்ணீர் நின்றால் போதும், எங்கேயும் பிழைத்துக்கொள்ளும்.

சுமதி அத்தை: கிணற்றடிக் குழியில் கொசு என்று நாளைக்கு மண் அடிக்கச் சொல்லியிருக்கிறேனே!

பெரியப்பா: பொறு. தட்டான் குஞ்சு இருந்தால் அதுவே கொசுப்புழுவைத் தின்னும். காலையில் வந்து பார்க்கிறேன்.

சுமதி அத்தை: சரிங்கண்ணா. கொப்பரை?

தீபா: தூறுகிறது அத்தை! ஓடுகிறேன்.