இத்தாலியில் கோடைத் தேனிலவு: போய்வந்தவர்கள் சொல்லுங்களேன்

பொள்ளாச்சிக்காரன்

வைகாசிக் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம். ஆடி பிறந்தால் அவளை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். அதனால் ஆனியிலேயே, அதாவது ஜூன் கடைசியில், இத்தாலி கிளம்புகிறோம். இரண்டு வாரம். மிலான், வெனிஸ், சிங்க்வே தெர்ரே, பீசா, ஃபுளோரன்ஸ், ரோம், பொம்பேயி, அமால்ஃபி என்று எழுதி வைத்திருக்கிறேன். பட்டியலைப் பார்த்துவிட்டு அவள் கேட்டது: "நாம தேனிலவு போறோமா, கூரியர் டெலிவரிக்குப் போறோமா?" அங்கே உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள், அதை வைத்து வெட்டிக்கொள்கிறேன்.

நெல்லை ரயிலடி

உங்கள் வீட்டம்மா கேட்டது நியாயம். முதல் வெட்டு மிலான். டாவின்சியின் 'கடைசி இராப்போஜனம்' ஓவியத்துக்கு டிக்கெட் கையில் இருந்தால் மட்டும் வையுங்கள். கால் மணி நேரம்தான் உள்ளே விடுவார்கள், அந்த டிக்கெட்டும் பல வாரம் முன்பே தீர்ந்துபோகும்.

விமானம் வெனிஸில் இறங்கி ரோமில் ஏறுகிற மாதிரி போடுங்கள். வந்த வழியே திரும்பி ஓடுகிற வேலை மிச்சம். வெனிஸிலிருந்து ஃபுளோரன்ஸ் வேக ரயிலில் இரண்டே கால் மணி நேரம், அங்கிருந்து ரோம் ஒன்றரை மணி. ஃப்ரெச்சாரோஸ்ஸா, இத்தாலோ என்று இரண்டு வேக ரயில் சேவை, இரண்டின் விலையையும் பாருங்கள். முன்கூட்டி எடுத்தால் நல்ல மலிவு. லோக்கல் ரயிலுக்கு அந்தக் கவலை இல்லை, என்று வாங்கினாலும் ஒரே விலை. ஆனால் தாள் டிக்கெட் என்றால் ஏறுமுன் ஸ்டேஷனில் இருக்கும் மெஷினில் முத்திரை குத்த வேண்டும். பீசாவுக்குப் பக்கத்து ஊரான லூக்கா போகிற ரயிலில் ஏறப்போன எங்களை ஒரு பாட்டி கையைப் பிடித்து நிறுத்தினார். டிக்கெட்டை வாங்கினார், தானே போய்க் குத்திக்கொண்டு வந்து கொடுத்தார். ஒரு வார்த்தை ஆங்கிலம் இல்லை, கொஞ்சம் திட்டு மட்டும். பீசாவில் சாய்ந்த கோபுரத்துக்கு அரை நாள் போதும். மீதி அரை நாளை லூக்காவுக்குக் கொடுங்கள். ஊரைச் சுற்றி முழுசாக நிற்கும் கோட்டை மதில், அதன்மேல் மரநிழலில் வாடகை சைக்கிள். எங்கள் பயணத்தில் செலவு குறைவும் சந்தோஷம் அதிகமும் அந்த மதில்மேல்தான்.

காரைக்கால் காற்று

வெனிஸ் என்றால் தீவுக்குள்ளேயே தங்கவும். கரைப்பக்கத்து மெஸ்த்ரேயில் அறை மலிவு, ரயிலில் பத்து நிமிஷம்தான், தெரியும். ஆனால் பகல்கூட்டம் வடிந்த பிறகுதான் அந்த ஊர் ஊராகிறது. கடைசி ரயிலை நினைத்துக்கொண்டே நடந்தால் அது கிடைக்காது. 2024 முதல் வசந்தம், கோடையில் குறிப்பிட்ட சில நாட்களில் காலையில் வந்து மாலையில் போகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. தங்குகிறவர்களுக்கு இல்லை, ஆனால் விலக்குக்கு முன்கூட்டிப் பதிவு செய்து கியூ.ஆர். கோடு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டி சின்னதாக இருக்கட்டும். ஒவ்வொரு பாலத்திலும் படி.

கொண்டோலா: பகலில் அரை மணிக்கு 90 யூரோ, இரவில் 110. ஆளுக்கல்ல, படகுக்கு. இந்தக் கணக்கைக் கேட்டதும் என் மனைவியின் முகம் மாறிவிட்டது. பக்கத்தில் நின்ற ஒருவர் சிரித்துக்கொண்டே எங்களைத் துறைக்குக் கூட்டிப் போய் த்ராகெத்தோவைக் காட்டினார். பெருங்கால்வாயின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கடத்திவிடும் படகு, அதுவும் கொண்டோலா ஜாதிதான். இரண்டு யூரோ. உள்ளூர்க்காரர்கள் ஆபீஸ் பையோடு நின்றபடியே போகிறார்கள். இவளும் நின்றாள். நான் உட்கார்ந்துவிட்டேன், நீச்சல் தெரியாது.

தாமிரபரணி

எல்லோரும் நகரத்தையே சொல்கிறீர்கள். நான் சொல்ல வந்தது வால் தோர்ச்சா. சியேனாவுக்குத் தெற்கே பியென்ஸா, மோந்தால்சினோ இருக்கிற சமவெளியும் குன்றுமான நாடு. 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். உங்கள் இரண்டு வாரத்தில் கால்வாசியை இங்கே போடுங்கள், அமால்ஃபியை எடுத்துவிட்டாவது.

நாங்கள் தங்கியது அக்ரிதூரிஸ்மோ, விவசாயக் குடும்பமே நடத்துகிற விடுதி. ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தில் பார்க்கிற பச்சைக் குன்று ஏப்ரல், மே மாதத்துடையது. ஜூன் கடைசியில் எல்லாம் முற்றிய கோதுமை, பொன்னிறம், அறுவடை. விடுதிக்காரரிடம் "பச்சையே இல்லையே" என்று என் கணவர் கேட்டுவிட்டார். அவருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "பச்சையை நீங்கள் படம் எடுக்கலாம், நான் சாப்பிட வேண்டியது இதைத்தான்" என்று வயலைக் காட்டினார். மறுநாள் அறுவடை இயந்திரம் ஓடுவதைப் பார்க்க அவரே கூப்பிட்டார். எங்கள் அப்பாவும் நெல் போடுகிறவர் என்று சொன்ன பிறகு பேச்சு நிற்கவே இல்லை. தண்ணீர், விலை, பன்றி வந்து மேய்கிறது. அங்கேயும் அதே புலம்பல்தான்.

கார் அங்கே அவசியம். நம் லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டும் வேண்டும், ஊரில் ஆர்.டி.ஓ.விலேயே வாங்கிவிடலாம். விடுதிக்காரர் எங்கள் வரைபடத்தில் ஒவ்வொரு ஊரையும் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுக் கொடுத்தார். பழைய ஊரின் உட்பகுதி ஸெத்தா-தி-எல்லே (போர்டில் ZTL), வெளிவண்டிக்குத் தடை. கேமரா நம்பரைப் பிடித்துவிடும், மாதக்கணக்கு கழித்து வீட்டுக்கு அபராதச் சீட்டு வரும், கார் வாடகைக் கம்பெனியும் தனியாக ஒரு தொகை வாங்கும். மதிலுக்கு வெளியே நிறுத்தி நடந்து போகணும். நீலக்கோடு கட்டணம், வெள்ளைக்கோடு இலவசம், மஞ்சளைத் தொடவே கூடாது. பெட்ரோல் பங்கில் 'காஸோலியோ' என்றிருப்பது டீசல். பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள்.

பியென்ஸா பதினைந்தாம் நூற்றாண்டில் போப் இரண்டாம் பயஸ் தான் பிறந்த கிராமத்தையே நகரமாகத் திருத்திக் கட்டியது. நாலு பக்கமும் நடந்தால் அரை மணியில் முடிந்துவிடும். காதல் தெரு, முத்தத் தெரு என்றே அங்கே சந்துகள் உண்டு. போர்டுக்குக் கீழே படம் எடுக்க ஜோடிகள் வரிசையில் நிற்கிறார்கள். நாங்களும் நின்றோம், ஊருக்கு அனுப்பவில்லை. பாஞ்ஞோ விஞ்ஞோனியில் ஊர்ச் சதுக்கமே ஒரு வெந்நீர்க் குளம். அதில் இறங்க விடமாட்டார்கள், வெளியே வழிந்தோடுகிற ஓடையில் காலை வைக்கலாம். வெயில் ஒன்பது மணி வரை இருக்கும். மத்தியானம் தூங்குங்கள், கடைகளும் அப்போது மூடித்தான் இருக்கும். மாலையைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கும்மிடிப்பூண்டி

கிராமத்துக்கு நான் எதிரி இல்லை. ஆனால் ஜூலை 2ஆம் தேதி அங்கே இருப்பீர்கள் என்றால் சியேனாவின் பாலியோ குதிரைப் பந்தயம்தான். 17 பேட்டைகளில் பத்து ஓடும், கம்போ சதுக்கத்தை மூன்று சுற்று, ஒன்றரை நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். நடுவில் நின்று பார்க்க இலவசம். உள்ளே போனால் முடியும் வரை வெளியே வர வழியில்லை, நிழலும் இல்லை. மனைவியை மூன்று மணி நேரத்துக்கு மேல் வெயிலில் நிற்க வைத்த பிறகு ஒன்றரை நிமிஷம் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். பக்கத்தில் நின்ற பெரியவர் தன் பேட்டை தோற்றதும் குழந்தை மாதிரி அழுதார். அவரைத் தேற்றியதும் அவள்தான்.

சுத்த சைவம்

பட்டினி இல்லை. ஃபுளோரன்ஸ், சியேனா இருக்கிற தோஸ்கானா மாநிலத்தில் ரிபொல்லீத்தா, பாப்பா அல் பொமொதோரோ, பான்ஸனெல்லா எல்லாம் ரொட்டியும் காய்கறியும்தான். பிச்சி என்று கையால் உருட்டிய மாவுநூல் ஒன்று, இடியாப்பத்தைக் கனமாகப் பிழிந்ததுபோல் இருக்கும். பூண்டு-தக்காளிக் குழம்போடு அல்லாலியோனே என்று கேளுங்கள். சூப் வாங்கும்போது இறைச்சித் தண்ணீரில் கொதித்ததா என்று விசாரியுங்கள். பார்மிஜானோ சீஸில் கன்றுக்குட்டி வயிற்று ரென்னெட் சேரும், கறார் சைவர்கள் அதை விட்டுவிட வேண்டும். பில்லில் 'கொபெர்த்தோ' என்று தலைக்கு ஒரு தொகை இருந்தால் சண்டை போடாதீர்கள், மேஜைக் கட்டணம் அது.

யாழ்–பலெர்மோ

தம்பி, ஒருத்தரும் சிசிலியைச் சொல்லயில்லையே. நாங்கள் கனகாலமாப் பலெர்மோவில இருக்கிறம். எங்கட சனம் இங்க நிறைய. மொந்தே பெல்லெக்ரீனோ மலையில சாந்தா ரொசாலியா அம்மாவின்ர குகைக்கோயில் இருக்கு. 1624இல கொள்ளைநோய் வந்தபோது ஊரைக் காப்பாற்றினவ எண்டு இத்தாலியர் கும்பிடுறவை. சைவசமயமோ கிறிஸ்தவமோ, எங்கட ஆக்களும் ஏறிப்போய் நேர்த்தி வைக்கிறவை. ஜூலை 14 இரவு அவவின்ர பெருவிழா, ஊர் முழுக்கத் தேரும் வாணவேடிக்கையும். போன வருசம் புதுசாக் கலியாணம் முடிச்ச கோயம்புத்தூர்ப் பிள்ளைகள் ரெண்டு பேர் மலையில தமிழ்க் குரல் கேட்டுத் திகைச்சு நிண்டவை. வீட்டுக்குக் கூட்டிவந்து சோறு குடுத்துத்தான் அனுப்பினம். ரோமிலயிருந்து விமானத்தில ஒரு மணித்தியாலம். பல்லாரோ சந்தையில பனெல்லே வாங்கித் தின்னுங்கோ, கடலைமாப் பொரியல், சைவம். அரஞ்சீனா வாங்கினா உள்ளுக்கு என்னெண்டு கேளுங்கோ, வெண்ணெய் எண்டு சொல்லுறதிலயும் பன்றி இருக்கும்.

ராயபுரம்

ரோமைப் பற்றி ஒன்று. கொலோசியத்துக்கு நேரம் குறித்த டிக்கெட், பாஸ்போர்ட்டில் உள்ள பெயரில். காலை முதல் வேளையை எடுங்கள். வத்திக்கான் அருங்காட்சியகம் மாதக் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும், புனித பேதுரு ஆலயத்தில் தோளும் முழங்காலும் மூட வேண்டும். தெருமுனைக் குழாய்களில் வருவது குடிநீர்தான். அடியிலுள்ள வாயை விரலால் அடைத்தால் மேலேயுள்ள துளை வழியாகப் பீய்ச்சும், ஒரு பள்ளிப் பையன் செய்து காட்டினான். என் மனைவி அதற்குப் பிறகு ஒரு குழாயையும் விடவில்லை.

புது மனைவியின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரே இருக்கட்டும். டிக்கெட், விசா, ஹோட்டல் எல்லாம் அதே பெயரில் போடுங்கள், மாற்றுவதை வந்து மாற்றிக்கொள்ளலாம். விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே மனு கொடுக்கலாம். இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு. வெள்ளிக்கிழமை ஊர் மாறுவதாக இருந்தால் 'ஷோபெரோ', அதாவது வேலைநிறுத்த அறிவிப்பு உண்டா என்று முதல் நாளே பாருங்கள். வேலைநிறுத்த நாளிலும் வாரநாள் என்றால் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 லோக்கல் ரயில்கள் ஓடும்.