பராமரிப்பில் வளரும் குழந்தைகளும் நாமும்: மனத்தை விட்டு அகலாத ஒரு சந்திப்பு

வளர்ப்புத் தாய்:
எந்த நேரத்திலும் வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவார்களோ என்று காலணியோடு உறங்கும் குழந்தைகளைப் பற்றி உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை என்பதால் முன்கதையை விட்டுவிடுகிறேன். என் பராமரிப்பில் இருந்த ஒரு சிறுவனும் அப்படித்தான். ஒரு நாள் காய்ச்சலில் கிடந்த அவனுடைய காலணி முடிச்சைச் சற்றுத் தளர்த்தியபோது, அவன் கண்ணைத் திறக்காமலே, "இப்பவே கிளம்பணுமா, அத்தை?" என்று கேட்டான். அழுகையோ பயமோ இல்லை. பேருந்து வந்துவிட்டதா என்று விசாரிப்பவரின் குரல் அது. அதன்பின் பல இரவுகள் எனக்கு உறக்கம் வரவில்லை. அடுத்து வந்த குழந்தை நல அலுவலர், அவனுடைய நடத்தையையும் உணர்வுகளையும் பற்றிய 25 கேள்விகள் கொண்ட படிவத்தைப் பொறுமையாக நிரப்பிக்கொண்டு, என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் கோப்பை மூடினார்.

இல்லப் பணியாளர்:
எங்கள் இல்லத்துக்கு வந்த அன்றே என் மடியில் ஏறி அமர்ந்த சிறுமியைப் பார்ப்பவர்கள் எல்லாம் "என்ன பாசமான குழந்தை!" என்று வியப்பார்கள். அவள் படியில் தடுக்கி விழுந்து முழங்கால் கிழிந்தபோது எங்களில் ஒருவரையும் தேடவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, சட்டை நுனியால் இரத்தத்தைத் துடைத்துக்கொண்டாள். ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் இல்லக் குழந்தைகளைப் பற்றி 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வில், ஏறத்தாழ இரண்டு வயதுக்குள் வளர்ப்புக் குடும்பத்துக்குச் சென்ற குழந்தைகளிடமே பிணைப்பு, அதாவது தன்னைப் பார்த்துக்கொள்பவரை நம்பித் தேடும் உறவு, நன்றாக மீண்டது. வேளைக்கு ஓர் ஆள் மாறும் இடத்தில் அவள் யாரைத்தான் தேடுவாள்?

ஓய்வுபெற்ற ஆலோசகர்:
முதலில் எழுதியவருக்கு: அந்த முடிச்சைத் தொட்டிருக்கவே வேண்டாம். என்னிடம் வளர்ந்த சிறுமி, பெற்றோரைச் சந்தித்துத் திரும்பும் போதெல்லாம் கையில் கிடைத்ததை உடைப்பாள். என் கதை அவ்வளவுதான். சந்திப்பு நாளில் வேறு வேலை எதையும் வைக்காதீர்கள். நாளை என்ன நடக்கும் என்பதை முந்தைய இரவே சொல்லிவிடுங்கள். குழந்தை கத்தும்போது காரணம் கேட்காமல், அருகிலேயே அமர்ந்து, குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். அச்சத்தின் பிடியில் இருக்கும் மூளைக்கு அறிவுரை எட்டாது. பராமரிப்பவருக்கும் இரண்டாம் நிலை அதிர்ச்சி, அதாவது பிறரின் துயரத்தை அருகிலிருந்து பார்ப்பதால் வரும் அதிர்ச்சி, உண்டு. குழந்தையின் மீது எரிச்சலும், பிறகு எந்த உணர்வுமே இல்லாத மரத்த நிலையும் வந்தால் அது அன்பின் குறையன்று, நீண்ட மன அழுத்தத்தின் அறிகுறி. சில நாட்கள் பொறுப்பை மாற்றிக்கொடுத்துவிட்டுக் கட்டாயம் ஓய்வெடுங்கள்.

வளர்ப்புத் தாய்:
ஐயா, நான் வழி கேட்டு எழுதவில்லை. நீங்களும் என் உறக்கத்தைப் பற்றிக் கேட்கும் முன்பே முடிச்சுக்குப் போய்விட்டீர்கள்.

இல்லத்தில் வளர்ந்தவன்:
ஓய்வு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் ஐயா அதை மிக எளிதாகச் சொல்லிவிட்டார். எங்களைப் பார்த்துக்கொண்ட அண்ணன் ஒரு நாள் விடுப்பில் போனார். மறுநாள் காலை வருகைப் பதிவேட்டில் வேறொருவரின் கையெழுத்து இருந்தது, எங்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் செய்த ஏதோ ஒன்றால்தான் போய்விட்டார் என்று நெடுங்காலம் நம்பினேன். பொறுப்பை மாற்றிக்கொடுப்பவர்கள், எந்தக் கிழமை திரும்புவோம் என்பதையும், திரும்பப் போவதில்லை என்றால் அதையும், தங்கள் வாயாலேயே குழந்தையிடம் சொல்லிவிட்டுப் போகட்டும்.