பேஸ் நோட்ஸ்: ‘தடக்குறிப்பு’ என்று சொல்லலாமா?

அன்புள்ள குழும அன்பர்களுக்கு வணக்கம்.

கார் ரேலியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருப்பவர் படித்துச் சொல்லும் சாலைக் குறிப்பை ‘பேஸ் நோட்ஸ்’ என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். எழுதிய எல்லாருக்கும் நன்றி. வந்த சொற்களை எழுதிப் பார்த்தேன், வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டு மலைச்சாலைக்கே கொண்டுபோய் வைத்தும் பார்த்துவிட்டேன். அதனால் மடல் கொஞ்சம் நீளம்.

இடையில் சேர்ந்தவர்களுக்காக விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டொயோட்டா உலக ரேலி சாம்பியன்ஷிப்புக்குத் திரும்பி வந்த கதையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். (அகராதி ‘பேரணி’ என்கிறது. கார் பேரணி என்றால் கட்சிக் கொடி கட்டிய வண்டிகள்தான் கண்முன் வருகின்றன. ரேலி ரேலியாகவே இருக்கட்டும்.) 1999-இல் உற்பத்தியாளர் பட்டத்தை வென்ற கையோடு டொயோட்டா ரேலியை விட்டுப் போனது, 2002-இல் ஃபார்முலா 1-க்குள் நுழைந்தது. 2015 ஜனவரியில் ரேலிக்குத் திரும்புவதாக அறிவித்து, 2017-இல் யாரிஸ் காரோடு வந்து நின்றது. அணியை நடத்தியவர் நான்கு முறை உலகப் பட்டம் வென்ற டாமி மாக்கினென். அணி ஃபின்லாந்தில், எஞ்சின் வேலை ஜெர்மனியின் கொலோனில். 1.6 லிட்டர் டர்போ எஞ்சின், சுமார் 380 குதிரைத்திறன். இதுவரை எழுதுவதில் ஒரு சிரமமும் இல்லை.

திரும்பி வந்த முதல் போட்டி மான்டி கார்லோ. அதில் யாரி-மட்டி லாட்வாலா இரண்டாம் இடம். அடுத்தது ஸ்வீடன். அதில் அவர் ஜெயித்தே விட்டார். 1999-இல் சீனாவில் டிடியே ஓரியோல் வென்றதற்குப் பிறகு டொயோட்டாவுக்குக் கிடைத்த முதல் ரேலி வெற்றி அது. பதினேழு வருடம் வெளியே இருந்த நிறுவனம், புத்தம் புதிய காரோடு, இரண்டாவது போட்டியிலேயே ஜெயித்தது எப்படி?

கார் புதிது. காருக்குள் இருந்த இரண்டு பேர் புதியவர்கள் இல்லை. ஃபோக்ஸ்வாகன் 2016 முடிவில் ரேலியை விட்டு விலகியதால்தான் லாட்வாலா டொயோட்டாவுக்குக் கிடைத்தார். பக்கத்து இருக்கைக்காரர் மீக்கா அன்ட்டிலாவும் கூடவே வந்தார். அதே ஸ்வீடனில் 2008, 2012, 2014 என்று மூன்று முறை சேர்ந்து ஜெயித்தவர்கள் அவர்கள். எஞ்சினை நிறுவனம் செய்யலாம், பட்டறை போடலாம், பணத்தைக் கொட்டலாம். ஒருவர் சொல்ல, ஒருவர் எழுத, பின்பு எழுதியவர் படிக்க, சொன்னவர் அதைக் கேட்டு ஓட்டுகிற அந்தப் பழக்கம் இரண்டு மனிதர்களோடுதான் வரும். கட்டுரையில் எனக்கு மிக முக்கியமான இடம் இது. அங்கேதான் சொல் இல்லாமல் நின்றேன்.

பேஸ் நோட்ஸ் என்பது இதுதான். போட்டிக்கு முன்பு அந்தச் சாலையில் இரண்டு முறை சாதாரண வேகத்தில் போய்ப் பார்க்க அனுமதி உண்டு. ஓட்டுநர் ஒவ்வொரு வளைவையும் பார்த்துச் சொல்வார்: எந்தப் பக்கம், எவ்வளவு இறுக்கம், அடுத்த வளைவுக்கு எத்தனை மீட்டர், நடுவில் மேடு உண்டா, வளைவு போகப்போக ஒடுங்குமா விரியுமா என்று. பக்கத்தில் இருப்பவர் நோட்டில் எழுதிக்கொள்வார். போட்டி நாளில் ஒவ்வொரு வளைவும் வருவதற்கு முன்பே அதை அவர் படிப்பார். கண்ணுக்குத் தெரியாத சாலையைக் காதால் பார்த்து ஓட்டுவது.

இனி வந்த மறுமொழிகள்.

> பேஸ் நோட்ஸ் என்றே விட்டுவிடலாம். யார் புதுச் சொல்லைப் பழகப் போகிறார்கள்?

அன்பரே, அடிவாரத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் ஜன்னலில் தலையை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போகும். ‘கொண்டை ஊசி வளைவு’ என்பதும் ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் எடுத்ததுதான். அது மொழிபெயர்ப்பு என்ற நினைப்பு இன்றைக்கு யாருக்கும் வருவதில்லை. கொண்டை ஊசியைப் பார்த்திருக்கிறோம், வளைவையும் பார்த்திருக்கிறோம், இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கண்ணில் படம் விழுகிற சொல்லை நம் ஜனங்கள் தயங்காமல் எடுத்துக்கொள்வார்கள்.

> அப்படியானால் வேகக்குறிப்பு என்று நேராகவே சொல்லலாமே?

இதில் படம் விழவில்லை. வேகக்குறிப்பு என்றால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று எழுதிவைத்த தாள் என்றுதான் தோன்றும். இந்தக் குறிப்பில் சாலையின் உருவம் இருக்கிறது. எவ்வளவு வேகம் என்பதை அதைக் கேட்டு ஓட்டுநர் முடிவு செய்கிறார்.

> வழிக்குறிப்பு போதும்.

முதலில் எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் ரேலியில் இன்னொரு புத்தகம் உண்டு: போட்டி நடக்கும் ஒரு சாலைத் துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குப் பொதுச் சாலையில் எப்படிப் போக வேண்டும், எந்தச் சந்திப்பில் திரும்ப வேண்டும் என்று சொல்வது. வழிக்குறிப்பு என்ற சொல் அதற்குத்தான் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. அதை அங்கே வைத்துக்கொள்வோம்.

> வளைவுக்குறிப்பு?

நல்ல சொல். ஏற்காட்டுக்கு மட்டும் என்றால் இதையே எடுத்திருப்பேன். ஃபின்லாந்து ரேலிக்குப் பேர் வாங்கித் தந்தவை மேடுகள். கார் மேட்டில் ஏறி அந்தரத்தில் பறந்து இறங்கும். அங்கே குறிப்பில் வளைவுக்குச் சமமாக மேடும் இருக்கும்.

> தடச்சொல் என்று சுருக்கமாக வைக்கலாம். படித்துச் சொல்வதுதானே முக்கியம்?

கிட்டத்தட்ட வந்துவிட்டீர்கள். முன்பாதியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். பின்பாதியில் மட்டும் ஒரு தடை. 1955-இல் இத்தாலியில் மிலே மில்யா பந்தயம். ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் பொதுச் சாலை. ஸ்டிர்லிங் மாஸ் ஓட்ட, பக்கத்தில் டெனிஸ் ஜென்கின்சன். சாலை முழுவதையும் முன்கூட்டியே பார்த்து, ஐந்து மீட்டருக்கு மேல் நீளமான ஒரே தாளில் எழுதி, சுருட்டி, ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்துத் திருகித் திருகிப் படித்தார். திறந்த கார். எஞ்சின் சத்தத்தில் பேச்சு கேட்காது. அதனால் வாயைத் திறக்காமல் கையால் சைகை காட்டியே கொண்டுபோனார். பத்து மணி ஏழு நிமிடத்தில் ஜெயித்தார்கள். அன்றைக்கு அந்தத் தாளில் இருந்ததைச் ‘சொல்’ என்று கூப்பிட முடியாது. ‘குறிப்பு’ என்றால் முடியும். தமிழில் குறிப்பு என்பது எழுதி வைப்பதும்தான், சைகையும்தான். குறிப்பறிந்து நடப்பது என்கிறோமே. தாளும் கையும் இரண்டுமே அந்த ஒரு சொல்லுக்குள் அடங்குகின்றன.

ஆகவே தடக்குறிப்பு. இது முழுக்க நான் யோசித்துக் கண்டதல்ல. ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

என் பெரியப்பா மகன், எங்களுக்கு அண்ணன், லாரி ஓட்டுகிறவர். அதற்கு முன்பு பல வருடம் கிளீனராக இருந்தவர். அவர் காரை ஓட்ட, நான் நோட்டும் பேனாவுமாகப் பக்கத்தில். விடிந்தும் விடியாமல் கோரிமேடு தாண்டி அடிவாரத்துக்குப் போய்விட்டோம். வேகமாகப் போவதற்கு இல்லை. அது பஸ்ஸும் பைக்கும் ஏறி இறங்கும் சாலை, முப்பதைத் தாண்டவில்லை. முதல் முறை ஏறும்போது எழுதினேன். இறங்கி வந்து, இரண்டாம் முறை ஏறும்போது படித்தேன்.

முதலில் இடமும் வலமும் தகராறு செய்தன. ‘இடது’, ‘வலது’ இரண்டும் ஒரே அளவு, ஒரே முடிவு. எஞ்சின் சத்தத்தில் ‘...து’ மட்டும்தான் கேட்கிறது. லெஃப்ட், ரைட் என்று மாற்றிப் பார்த்தோம். ரைட் என்று நான் சொன்னதும் அண்ணன் வண்டியை நேரே விட்டார். கண்டக்டர் ‘ரைட்’ என்றால் போகலாம் என்று அர்த்தம், அது அவர் காலிலேயே ஊறியிருக்கிறது! கடைசியில் ‘எடம்’, ‘வலத்தே’ என்று ஒன்றைக் குட்டையாகவும் ஒன்றை நீட்டியும் சொன்னபோதுதான் சரியாக வந்தது.

‘இறுகும்’ என்று எழுதியிருந்தேன். “இறுகும்னா பிரேக் பிடிச்ச மாதிரி இருக்குது, ஒடியும்னு சொல்லு” என்றார். ஸ்டீயரிங்கை ஒடிப்பது என்றுதானே லாரிக்காரர்கள் சொல்கிறார்கள். ‘விரியும்’ என்பதை ஒப்புக்கொண்டார். கொண்டை ஊசி வளைவுக்கு ‘ஊசி’ மட்டும் போதும் என்றார். ‘எச்சரிக்கை’ என்று நான் ஆறெழுத்தைச் சொல்லி முடிப்பதற்குள் வளைவே முடிந்துவிடும். அதற்கு ‘பாத்து’ என்றால் போதும். ஒன்பதாவது வளைவில் நான் தாமதமாகப் படித்தேன். “முன்னாடியே சொல்லோணும். வளைவுக்குள்ள வந்து சொன்னா அது கிரிக்கெட் வர்ணனை” என்றார்.

மேலே ஏரிக்கரையில் டீ குடிக்கும்போது கேட்டேன்: “அண்ணா, இப்ப நான் செஞ்சேனே, இதுக்கு என்ன பேரு சொல்வீங்க?” அவர் யோசிக்கவே இல்லை. “தடம் சொல்றது. ராத்திரி மலையில பனி மூடிக்கிச்சுன்னா டிரைவருக்கு ஒண்ணும் தெரியாது. கிளீனர்தான் எட்டிப் பாத்துத் தடம் சொல்லோணும்.”

நாம் ஒரு வாரமாகத் தேடியது மலைச்சாலையில் வேலை செய்கிறவர்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. எங்கள் பக்கம் தடம் என்றால் வழி: வண்டித்தடம், ஒத்தையடித் தடம். மற்ற ஊர்க்காரர்களுக்கும் அந்நியமில்லை. பஸ்ஸுக்கு வழித்தடம், ரயில் தடம் புரண்டது என்றெல்லாம் தினமும் படிக்கிறோம்.

இந்த ஒரு வேரை எடுத்துக்கொண்டால் பக்கத்துச் சொற்களும் சேர்ந்தே முளைக்கின்றன. போட்டிக்கு முன்பு போய்ப் பார்த்து வருவதை ‘ரெக்கி’ என்கிறார்கள். அது தடம் பார்ப்பது. எழுதுவது தடக்குறிப்பு. பக்கத்தில் இருந்து படிப்பவர் தடஞ்சொல்லி. இலக்கணம் கேட்கிறவர்களுக்காக: மரம் + கிளை மரக்கிளை ஆவதுபோல் தடக்குறிப்பு, மரம் + கொத்தி மரங்கொத்தி ஆவதுபோல் தடஞ்சொல்லி. இதுவரை ‘இணை ஓட்டுநர்’ என்று எழுதிவந்தோம். கேட்பவர் ஆளுக்குப் பாதி தூரம் ஓட்டுகிறார்கள் என்றே நினைப்பார். தடஞ்சொல்லி என்றால் அவர் என்ன வேலை செய்கிறார் என்று பேரிலேயே தெரிகிறது. மீக்கா அன்ட்டிலாவுக்கு இந்த மரியாதை கிடைக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

இனி, தமிழாசிரியர் ஐயா எழுதியது.

> ஆற்றுப்படை என்ற சொல் நம்மிடம் இருக்கிறதே. போய் வந்தவன் போகிறவனுக்கு வழியின் இயல்பைச் சொல்வது. இதைவிட வேறென்ன வேண்டும்?

ஐயா, உங்கள் மடலை இரண்டு முறை படித்தேன். மலைபடுகடாம் என்ற ஆற்றுப்படையில், செங்கம் நன்னனைத் தேடிப் போகும் கூத்தர்களுக்கு, மலை வழியில் பன்றிக்கு வைத்த குழி எங்கே, பாம்பு இருக்கும் இடம் எது, வழுக்கும் பாறை எது என்று ஒவ்வொன்றாக எச்சரிக்கிற அந்தப் பகுதியை நீங்கள் சொல்லித்தான் இந்தக் கண்ணோடு திரும்பிப் பார்த்தேன். சேலத்திலிருந்து ஊத்தங்கரை வழியாகத் திருவண்ணாமலை போனால் வரும் அதே செங்கம். அந்தச் செய்தி கட்டுரையில் ஒரு பத்தியாகவே இருக்கும், உங்கள் அனுமதியோடு. ஆனால் கலைச்சொல்லாக வைக்க ஒரு சிக்கல் இருக்கிறது, ஐயா. ஆறு என்றால் வழி என்பது இன்று படித்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு நீரோடும் ஆறு. அதோடு வளைவின் இறுக்கத்தை ஒன்று முதல் ஆறு வரை எண்ணால் சொல்வது பலரும் பின்பற்றும் முறை. ‘வலத்தே ஆறு’ என்று படிக்கிற குறிப்புக்கு ஆற்றுப்படை என்றே பெயரும் இருந்தால் ஒன்றோடொன்று மோதும். ஆற்றுப்படை அந்த இலக்கிய வகைக்கே உரியதாக இருப்பதுதான் அதற்கு மதிப்பு என்று படுகிறது. நீங்கள் வேறாக நினைத்தால் எழுதுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று தொங்கலில் இருக்கிறது. கார் நிறுவனமே நேரடியாக நடத்தும் அணிக்கும், தனியார் நடத்தும் அணிக்கும் வேறுபாடு காட்ட வேண்டும். ஃபோர்டு 2012 முடிவில் விலகிய பிறகும் எம்-ஸ்போர்ட் என்ற தனியார் அணி ஃபோர்டு கார்களைத் தொடர்ந்து ஓட்டி, டொயோட்டா திரும்பிய அதே 2017-இல் உற்பத்தியாளர் பட்டத்தை வென்றது. ஆகவே ‘உற்பத்தியாளர் அணி’ என்று எழுதினால் குழப்பம். நம் ஊரில் சொந்தத் தறி, கூலித் தறி என்று பிரித்துச் சொல்கிறோமே, அப்படி ஒரு சோடி கிடைத்தால் நன்றாக இருக்கும். ‘ஆலை அணி’ என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன், ஆனால் அணி ஆலைக்குள் இல்லை என்பது உறுத்துகிறது. நெசவுத் தொழில் தெரிந்தவர்கள் இதற்குத் தனி இழை தொடங்கினால் உதவியாக இருக்கும்.

தடக்குறிப்பு, தடம் பார்த்தல், தடஞ்சொல்லி மூன்றுக்கும் மறுப்பு இருந்தால் வரும் வெள்ளிக்குள் சொல்லுங்கள். சனிக்கிழமை கட்டுரையை அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
சேலம், அஸ்தம்பட்டியிலிருந்து