சென்னை – சிங்கப்பூர்: போக ஏழு மணி நேரம், திரும்ப ஒன்றே முக்கால் மணி நேரமா?

கேள்வி (தஞ்சை வாசகர்): வணக்கம். அறுபத்தெட்டு வயதான என் தாயார், சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு ஜூலையில் முதன்முறையாகத் தனியே செல்லவிருக்கிறார். முழங்கால் வலி உள்ளவர் என்பதால் எத்தனை மணி நேரம் தொடர்ந்து உட்கார வேண்டியிருக்கும் என்று பார்த்தேன், கணக்கு உதைக்கிறது. தூரம் 2,920 கி.மீ. என்றும் வேகம் மணிக்கு 850 கி.மீ. என்றும் கொண்டால் மூன்றரை மணி நேரத்துக்குள் முடிகிறது. ஆனால் நான் பார்த்துவைத்திருக்கும் விமானம் சென்னையில் இரவு 11.15க்குக் கிளம்பி மறுநாள் காலை 6.05க்குச் சேர்கிறது. திரும்பும்போதோ இரவு 8.30க்குக் கிளம்பி 10.15க்கே சென்னை வந்துவிடுகிறது. எதை நம்புவது? சீட்டு இன்னும் வாங்கவில்லை.

மறுமொழி 1 (சாங்கிவாசி): பயணச்சீட்டில் அந்தந்த ஊரின் நேரமே இருக்கும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால், போகும்போது அதைக் கழித்தால் 4 மணி 20 நிமிடமும், திரும்பும்போது கூட்டினால் 4 மணி 15 நிமிடமும் வரும். தாயாரின் கைக்கடிகாரத்தை மாற்றாமல் விட்டுவிடுங்கள். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கும்போது அது 3.35 காட்டும், பயணம் எவ்வளவு நேரம் என்பது அவருக்கே விளங்கிவிடும். (1982 ஜனவரி 1 வரை வித்தியாசம் சரியாக 2 மணி நேரம்தான். மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்னே நகர்த்தியபோது சிங்கப்பூரும் சேர்ந்து நகர்ந்தது.)

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி. எனினும் மூன்றரைக்கும் நாலேகாலுக்கும் இடையிலுள்ள முக்கால் மணி நேரம் எங்கே போகிறது?

மறுமொழி 2 (ஓய்வுபெற்ற விமான இயக்கப் பணியாளர்): சீட்டில் உள்ள புறப்பாட்டு நேரம், சக்கரம் தரையை விட்டு எழும் நேரம் அன்று, விமானம் தன் நிறுத்துமிடத்தைவிட்டு நகரும் நேரம். அதேபோல வருகை என்பது மறுமுனையில் நிறுத்துமிடத்தில் வந்து நிற்பது. ஓடுபாதைக்கு ஊர்ந்து சென்று வரிசையில் காத்திருப்பதும், இறங்கியபின் சாங்கி போன்ற பெரிய நிலையத்தில் ஊர்ந்து வருவதும் இதற்குள் அடங்கும். 850 என்பது உச்சியில் சீராகப் பறக்கும் வேகமே தவிர, ஏறும்போதும் இறங்கும்போதும் அவ்வளவு இராது. வங்காள விரிகுடாவைக் கடந்து மலாக்கா நீரிணைப் பக்கமாகச் செல்லும் வான்தடமும் அளவுகோல் வைத்துக் கிழித்த கோடு அன்று.

ஜூலை என்கிறீர்களே, அதையும் சொல்லவேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தரையருகே மேற்குக் காற்று வீசினாலும், தென்னிந்தியாவுக்கு மேலே ஏறத்தாழ 15 கி.மீ. உயரத்தில் கிழக்கிலிருந்து வேகமான காற்றோட்டம் பாய்கிறது. இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம் 1950களில் ஆராய்ந்து எழுதியது இதைப் பற்றித்தான். விமானம் பறக்கும் 11, 12 கி.மீ. உயரத்திலும் அதன் பிடி உண்டு. ஆகவே அந்த மாதத்தில் போகும் பயணம் எதிர்காற்றில் சில நிமிடங்கள் நீளும். திரும்பும்போது அதே காற்று பின்னிருந்து தள்ளும்.

மறுமொழி 3 (திருச்சிக்காரர்): தஞ்சாவூரில் இருந்துகொண்டு ஏன் சென்னைக்குப் போகிறீர்கள்? திருச்சியிலிருந்தே சிங்கப்பூருக்கு நேரடி விமானங்கள் உள்ளன. வான்வழித் தூரம் ஏறத்தாழ 2,980 கி.மீ.; சென்னையைவிட 60 கி.மீ.தான் அதிகம், பறக்கும் கணக்கில் ஐந்து நிமிடம்கூட ஆகாது. தரையிலோ தஞ்சையிலிருந்து திருச்சி ஏறத்தாழ 55 கி.மீ., சென்னை 340 கி.மீ. முழங்காலுக்கு நோவு தரப்போவது வானத்தில் கழியும் நான்கு மணி நேரமா, அதற்கு முன் இரயிலில் கழியும் ஆறேழு மணி நேரமா என்று பாருங்கள். பதிவு செய்யும்போதே சக்கர நாற்காலி உதவியையும் நடைபாதை ஓர இருக்கையையும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்: வானத்துத் தூரத்தை மட்டுமே அளந்துகொண்டிருந்தேன். திருச்சியிலிருந்தே பதிவு செய்கிறேன்.