ஓசூர் பொங்கல் விழாவில் ராப்: முத்திரைகளை உடைக்குமா?

கேள்வி: ஓசூர் வாசி
எங்கள் குடியிருப்போர் சங்கம் பொங்கல் விழாவில் ராப் நிகழ்ச்சி ஒன்றைச் சேர்க்க எண்ணுகிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் தலைமுறைகளாகக் கலந்து புழங்கும் ஊர் இது. ஆயினும், சிப்காட் ஆலைகளில் வேலை செய்ய பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்களை ‘வடக்கன்’ என்று ஒதுக்குவதும், எங்கு திருட்டு நடந்தாலும் முதலில் அவர்கள் அறைக் கதவைத் தட்டுவதும் எங்கள் தெருவில் வழக்கமாகிவிட்டன. கறுப்பின மக்கள்மீது குத்தப்பட்ட முத்திரைகளை அமெரிக்காவில் ராப் எவ்வாறு எதிர்த்தது? அது இங்கே பயன்படுமா? மூத்தவர்களோ, ‘கெட்ட வார்த்தைப் பாட்டு’ என்று முகம் சுளிக்கிறார்கள்.

பென்னாகரத்தான்
ராப் பாட்டும் டிஜே இசையும் ஆட்டமும் சேர்ந்த ஹிப்-ஹாப் பிறந்த இடம் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி. அங்கே தெருக்குழுக்கள் ஒன்றையொன்று வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்த காலத்தில், 1971 டிசம்பரில் அவை கூடிச் சமாதானம் பேசின. அதனால்தான் ஒரு குழுவின் எல்லையைத் தாண்டி இன்னொரு தெருவின் ஆட்டத்துக்குப் போக இளைஞர்களால் முடிந்தது. ஜமைக்காவிலிருந்து குடிபெயர்ந்த டிஜே கூல் ஹெர்க், தன் தங்கை ஏற்பாடு செய்த விருந்தில் 1973 ஆகஸ்ட் 11 அன்று இசைத்ததையே ஹிப்-ஹாப்பின் தொடக்கமாகக் கொள்கிறார்கள். கறுப்பின இளைஞர்களோடு போர்ட்டோ ரிக்கோ இளைஞர்களும் சேர்ந்து ஆடிய களம் அது. பின்னர் 1982இல் வந்த ‘தி மெசேஜ்’ என்ற ராப் பாடல், உடைந்த கண்ணாடி, எலி, கரப்பான், இடம் மாறக் காசில்லாத நிலை என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டியபோது, வறுமையைச் சோம்பேறித்தனத்தின் விளைவு என்று சொல்லிவந்தவர்களால் அவ்வளவு எளிதாகப் பேசிவிட முடியவில்லை.

காவேரிப்பட்டணம் ஆசிரியர்
மேலே சொன்னது பாதி உண்மைதான், ஐயா. துப்பாக்கியையும் போதைப்பொருளையும் பற்றிய ராப் பாடல்கள் நன்றாக விற்பனையாகும் என்று கண்டுகொண்ட இசைத்தட்டு நிறுவனங்கள், அதே முத்திரையைப் புதிதாக அச்சடித்துச் சந்தையில் விட்டன. பெண்களை இழிவுபடுத்தும் வரிகளை எதிர்த்து 1990களில் போராடிய சி. டெலோரஸ் டக்கர் கறுப்பினப் பெண்மணியே. ஆகவே உங்கள் மூத்தவர்களின் முகச்சுளிப்பை முற்றிலும் தள்ளிவிட வேண்டாம். இன்னொரு கொடுமையும் உண்டு. ராப் வரிகளைக் குற்ற ஒப்புதல்போல நீதிமன்றங்களில் காட்டும் வழக்கம் வேரூன்றியதால், அதைக் கட்டுப்படுத்த 2022இல் கலிஃபோர்னியா தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. கொலையைப் பற்றி நாவல் எழுதியவரை எவரும் கொலைகாரர் என்பதில்லை. ராப் பாடகருக்கு மட்டும் அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

அரூர் பம்பைக்காரர்
இங்கே பயன்படுமா என்றால், மைக் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில், சாதி இழிவைச் சுமந்தவர்களே கானாவையும் ராப்பையும் கலந்து பாடினார்கள். வேறொருவர் அவர்களுக்காக இரங்கிப் பாடவில்லை. நீங்களும் வந்தவர்களைப் பற்றி ஒற்றுமைப் பாட்டு எழுதிவிடாதீர்கள். ஒரே தாளத்துக்கு உள்ளூர்ப் பையன் தமிழில் எட்டு வரியும், ஒடிசாப் பையன் ஒடியாவில் எட்டு வரியும் பாடட்டும்; தமிழ்ப் பொருளை அச்சடித்து முன்கூட்டியே கையில் கொடுத்துவிடுங்கள். இரவு ஷிஃப்ட், சின்ன அறையில் பத்துப் பேர், திருப்பித் தரப்படாத அட்வான்ஸ் என்று அவர்கள் பாடுவதை வெட்டாமல் விட்டால் போதும். தாளத்துக்குப் பம்பையும் உடுக்கையும் தாராளமாக ஒத்துப்போகும்.

ஓசூர் வாசி
நன்றி. ஆனால் எங்கள் சங்கத்தில் பாதிப் பேர் அந்த அறைகளை வாடகைக்கு விட்டிருப்பவர்கள். அட்வான்ஸைப் பற்றிய வரிக்கு அவர்கள் ஒப்புவார்களா என்பதை அடுத்த கூட்டத்தில்தான் பார்க்க வேண்டும்.